மார்கழிப் பனியில் கேமரா: ஜெர்கினா, அடுக்கு உடையா, கம்பளியா?

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கேமரா வைத்திருப்பவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "நல்லதா ஒரு ஜெர்கின் வாங்கிட்டா போதும்தானே?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. தளிப் பக்கத்துப் பனிமூட்டம், கெலவரப்பள்ளி அணையின் தண்ணீர்ப் பறவைகள், வத்தல்மலையிலிருந்து கீழே பார்த்தால் தெரியும் வெண்படலம், ராயக்கோட்டை மலை மேலிருந்து காலை வெளிச்சம் என எல்லாமே விடிவதற்குச் சற்று முன்னும் பின்னும்தான் கிடைக்கும். ஜனவரியில் சூரியன் 6.40 மணி வாக்கில்தான் தலைகாட்டுகிறது. அதையொட்டிய நேரம்தான் ஒரு நாளின் அதிகக் குளிரான நேரமும்.

என்னைக் கேட்டால், கையில் இருக்கும் பணத்தில் ஜெர்கினைக் கடைசியாக வாங்குங்கள் என்பேன். ஒரே ஒரு வேலைக்கு மட்டும் அதை மிஞ்ச ஆளில்லை. அது என்ன வேலை என்று கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

முதலில் நம் ஊர்க் குளிர் எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். தர்மபுரி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 460 மீட்டர் உயரம். ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர். தளியும் வத்தல்மலையும் அதற்கும் மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. அதனால் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு "பரவாயில்லையே" என்று நினைக்கிற காலையில், ஓசூரில் இரண்டு மூன்று டிகிரி குறைவாகவே இருக்கும். ஜனவரி விடியலில் அந்தப் பக்கம் 12 முதல் 15 டிகிரி என்பது சாதாரணம். லடாக் போய் வந்தவர்களுக்கு இது சிரிப்பு வரும் குளிர்தான். ஆனால் பத்து மணிக்கு அதே இடத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும். நாலு மணி நேரத்துக்குள் வெயிலாக மாறிவிடுகிற குளிர் இது. லடாக்குக்கு எழுதிய உடைப் பட்டியல்கள் இங்கே உதவாமல் போவது இதனால்தான்.

இன்னொரு விஷயம், உயரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை சூட்டை இழந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகி, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஏரிக்கரை, நெல் வயல், இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஓடும் பள்ளம் ஆகியவை மேட்டைவிட அதிகம் குளிரும். வடகிழக்குப் பருவமழை முடிந்து மண்ணில் ஈரம் இருப்பதால் மூடுபனி படிவதும் அங்கேதான். படம் எடுப்பவர்கள் தேடிப் போவதும் அதே இடத்தை. அங்கே காற்று அதிகம் இருக்காது, ஈரம்தான் சேதி. மலை உச்சியில் நேர்மாறு: ஈரம் குறைவு, காற்று பிடுங்கும்.

இத்தனைக்கும் நடுவே உடம்பு மூன்று விதமாக நடந்துகொள்கிறது. பைக்கில் போகும்போது காற்று சூட்டை அள்ளிக்கொண்டு போகிறது. படி ஏறும்போது உடம்பு தானே கொதிக்கிறது. கேமராவைத் தாங்கும் முக்காலியான ட்ரைபாடை நிறுத்திக் காத்திருக்கும்போது அசைவே இல்லாமல் மெல்ல மெல்லக் குளிர்கிறது. ஒரே காலையில் மூன்றும் நடக்கும். எந்த உடையையும் இந்த மூன்றையும் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

ஜெர்கினை எடுத்துக்கொள்வோம். உள்ளே பாலியெஸ்டர் பஞ்சோ வாத்து இறகோ நிரப்பியிருப்பார்கள். அந்தப் பஞ்சுக்குள் சிக்கிய அசையாத காற்றுதான் நம்மைக் காக்கிறது. பைக்குக்கு இது அருமை. கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை வரை ஓட்டிவந்தாலும் நெஞ்சில் காற்று ஏறாது. வந்து இறங்கி மலை ஏறத் தொடங்கும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கும். கால்வாசி ஏறுவதற்குள் முதுகு நனையும். உள்ளே போட்டிருப்பது பருத்தி பனியனாக இருந்தால் அது வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரத்தில் காயாது. மேலே போய்க் காற்றில் நின்றதும் அந்த ஈரத் துணி முதுகோடு ஒட்டிக்கொண்டு உடம்புச் சூட்டை இழுக்கும். ஜெர்கின் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் உள்ளேயிருந்து வரும் குளிரை அது என்ன செய்ய முடியும்? கழற்றிக்கொண்டு ஏறலாம், சரி. அப்போது உள்ளே வெறும் பனியன். போட்டால் புழுக்கம், கழற்றினால் நடுக்கம், இடைப்பட்ட நிலை கிடையாது.

படம் எடுக்கும் வேலைக்கே உரிய தொந்தரவுகளும் உண்டு. வழுக்கும் நைலான் தோளில் கேமரா பட்டை நிற்காது. ஜெர்கினின் பருத்த கைகள் ஜூம் வளையத்தைத் திருப்பும்போது இடிக்கும். கையைத் தூக்கும்போதெல்லாம் சரசரவென்று சத்தம். கெலவரப்பள்ளிக் கரையில் நாரைக்காகக் குனிந்து காத்திருப்பவருக்கு அந்தச் சத்தம் எவ்வளவு பெரிது என்று தெரியும். இறகு ஜெர்கின் வாங்குபவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இறகு நனைந்தால் உப்பல் போய்ச் சப்பையாகிவிடும், சூடும் போய்விடும். பனி கொட்டும் ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் நிற்பதாக இருந்தால் பாலியெஸ்டர் பஞ்சே மேல்.

அடுத்து அடுக்கு உடை. உள்ளே ஒன்று, நடுவே ஒன்று, வெளியே ஒன்று. உள்ளே போடுவதில் ஒரே விதி: பருத்தி கூடாது. கிரிக்கெட் ஆடப் போடும் மெல்லிய பாலியெஸ்டர் ஜெர்ஸி ஒன்றே போதும், புதிதாக வாங்கவே வேண்டாம். அது வியர்வையைத் தேக்காமல் வெளியே தள்ளிச் சீக்கிரம் காய்ந்துவிடும். குளிருக்கென்றே உள்ளே போடும் தெர்மல் வாங்கினால் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். கடையில் தெர்மல் என்று தருவதில் பருத்தி கலந்தவையும் உண்டு. வீட்டில் போட்டுத் தூங்க அது சுகம், மலை ஏற வேண்டாம். மெரினோ என்ற ஆட்டின் மெல்லிய கம்பளியில் செய்த பனியன் எல்லாவற்றையும்விட நல்லது, விலையும் அப்படித்தான்.

நடுவே ஃப்ளீஸ், அதாவது பொசுபொசுவென்ற பாலியெஸ்டர் துணி. எடையில்லை, நனைந்தாலும் உதறினால் காய்ந்துவிடும், சத்தமே போடாது. அதன் குறை, காற்று ஊடுருவிக்கொண்டு போகும். அதற்குத்தான் வெளியே விண்ட்சீட்டர். பஞ்சு எதுவும் இல்லாத மெல்லிய துணிதான் அது, ஆனால் காற்றை நிறுத்திவிடும். மூன்றையும் போட்டுக்கொண்டு பைக் ஓட்டலாம். ஏறும்போது ஜெர்ஸி மட்டும், மற்ற இரண்டும் கேமரா பையில். மேலே போய் மூச்சு அடங்கும் முன்பே, உடம்பில் சூடு இருக்கும்போதே, இரண்டையும் போட்டுவிட வேண்டும். குளிர்ந்த பிறகு போட்டால் இழந்த சூடு திரும்பி வர நேரமாகும். வெயில் ஏறும்போது ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வரலாம். நம் ஊர்க் குளிர் மணிக்கு மணி மாறுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. மலிவான விண்ட்சீட்டர் ஜெர்கினைவிட அதிகமாகச் சரசரக்கும். பறவை பார்க்கப் போகிறவர்கள் விண்ட்சீட்டரை உள்ளேயும் ஃப்ளீஸை வெளியேயும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். காற்றும் தடைபடும், சத்தமும் அடங்கிவிடும், பார்க்கத்தான் ஒரு மாதிரி இருக்கும். ஆனால் வெளியே ஃப்ளீஸ் என்றால் நாயுருவியும் ஒட்டுப்புல்லும் நம்மை விடாது. வரப்போரம் ஒருமுறை மண்டியிட்டு எழுந்தால் முழங்கை முழுக்க முள் விதை. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க ஒரு மணி நேரம் போகும். அப்புறம், ஃப்ளீஸின் நூல் பிசிறு லென்ஸ் மாற்றும்போது கேமராவுக்குள் போகிறது. லென்ஸ் மாற்றுவதை வண்டியருகிலேயே, விண்ட்சீட்டர் மேலே இருக்கும்போதே முடித்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது கம்பளி. இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். கம்பளி நெய்யும் குரும்பர்கள் வாழும் பகுதி இது. அந்தக் கறுப்புக் கம்பளியைத் தலையிலிருந்து முக்காடாகப் போட்டு, இரண்டு ஓரத்தையும் நெஞ்சில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, விடியலில் பட்டியோரம் நிற்கும் ஆடு மேய்ப்பவரைப் பாருங்கள். பனி மேலே துளித்துளியாக முத்துக் கோத்து நிற்கும், உள்ளே இறங்காது. ஆட்டு மயிர் தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் நனைந்ததுபோல் தெரியாது, ஈரத்திலும் சூட்டை முழுக்க விட்டுவிடாது. பருத்திப் போர்வைக்கும் சால்வைக்கும் இந்தக் குணம் கிடையாது. அவை பனியில் கனத்துப்போகும்.

படம் எடுப்பவருக்கு இன்னும் இரண்டு லாபம். கம்பளி சத்தம் போடாது. மனித உருவத்தையும் மறைத்துவிடும். ஏரிக்கரையில் ஒரு பாறையோரம் உட்கார்ந்து தலையோடு சேர்த்துக் கேமராவையும் மூடிக்கொண்டால், தனியாக மறைப்புக் கூடாரம் எதுவும் வேண்டாம். இத்தனை நன்மை இருந்தும் இதை எல்லோருக்கும் சொல்ல முடியாததற்குக் காரணம் கைதான். கம்பளியை ஒரு கை பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டு போகும்போது தோளிலிருந்து சரியும். கழுத்தருகே பெரிய ஊக்கு ஒன்று குத்தினால் ஓரளவு சமாளிக்கலாம். பைக்கில் போட்டுக்கொண்டு போவது ஆபத்து, சக்கரத்தில் சிக்கும். எடையும் அதிகம், மலை ஏற ஒத்துவராது. வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்து, ஒரே இடத்தில் உட்கார்ந்து காத்திருக்கும் வேலைக்கு மட்டும் கம்பளியை எடுங்கள். அந்த வேலையில் ஜெர்கின், ஃப்ளீஸ் இரண்டையும் அது தோற்கடிக்கும்.

உடம்பைவிட விரல்தான் முதலில் மானத்தை வாங்கும். 13 டிகிரியில் விரல் விறைக்கப் பெரும்பாலும் காற்று காரணமில்லை, அலுமினிய ட்ரைபாட்தான் காரணம். உலோகம் உள்ளங்கைச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ட்ரைபாட் காலின் மேல்பகுதியில் சைக்கிள் ஹேண்டில் டேப்போ, பழைய சைக்கிள் ட்யூபோ சுற்றிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. கிளவுஸ் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. கார்பன் ஃபைபர் ட்ரைபாட் வைத்திருக்கும் பாக்கியசாலிகள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.

கிளவுஸில் தடிமனான பைக் கிளவுஸ், விரல் முனை இல்லாதது, முனையை மடித்துத் திறக்கும் வகை, மெல்லிய பின்னல் கிளவுஸ் என்று பல உண்டு. பைக் கிளவுஸைப் போட்டுக்கொண்டு ஷட்டர் பொத்தானைத் தேடுவது வீண் முயற்சி, வண்டியோடு விட்டுவிட வேண்டியதுதான். மடித்துத் திறப்பது நல்ல யோசனை, ஆனால் திறந்த மடல் லென்ஸ் மீது ஆடிக்கொண்டிருக்கும். எனக்குப் பிடித்தது மெல்லிய பின்னல் கிளவுஸ்தான். வலது கையில் கட்டை விரல், ஆள்காட்டி விரல் இரண்டின் முனையை மட்டும் வெட்டிவிடுவேன், இடது கையை அப்படியே விட்டுவிடுவேன். இடது கை லென்ஸைத் தாங்கத்தானே போகிறது, அதற்கு விரல் முனை எதற்கு? தொழிற்சாலைகளில் போடுகிற, உள்ளங்கையில் ரப்பர் புள்ளி வைத்த பின்னல் கிளவுஸ் ஹார்டுவேர் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். சிப்காட் இருக்கும் ஓசூரில் அதற்குப் பஞ்சமில்லை. லென்ஸ் வழுக்காமல் இருக்க அந்தப் புள்ளிகள் ரொம்ப உதவி. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பருத்தி, பனிப்புல்லில் கை ஊன்றினால் ஊறிப்போகும். ஒரு ஜோடி கூடுதலாகக் கேமரா பையில் கிடக்கட்டும்.

தலைக்கு மங்கி குல்லாவா, சாதாரணக் கம்பளித் தொப்பியா, ஜெர்கினோடு வரும் தலைமூடியா? இதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு பக்கம் போகிறீர்கள் என்றால் காதை மூடும் எதுவும் வேண்டாம். கேழ்வரகு அறுவடையை ஒட்டி பன்னர்கட்டாவிலிருந்து யானைக் கூட்டங்கள் இந்தக் காடுகளுக்கு வரும். இரவில் வயலில் மேய்ந்துவிட்டு விடியலில் காட்டுக்குத் திரும்பும். நாம் கேமராவோடு கிளம்புவதும் அதே நேரம்தான். மூடுபனியில் கண்ணுக்கு இருபதடிக்கு மேல் தெரியாத காலையில், கிளை முறியும் சத்தம்தான் முதல் எச்சரிக்கை. பஞ்சு வைத்த தலைமூடிக்குள் அது கேட்காது. காதுக்கு மேலே மடித்துவிடக்கூடிய கம்பளித் தொப்பி ஒன்று போதும். யானை நடமாட்டம் பற்றி வனத்துறை எச்சரித்திருக்கும் நாளில் அந்தத் தொப்பியும் வேண்டாம், வீட்டிலேயே இருங்கள். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் கால் வைப்பது எந்த நாளிலும் குற்றம்தான்.

மஃப்ளரை மூக்கு வரை சுற்றுவதும் படம் எடுக்கும்போது ஆகாது. மூச்சு மேலே ஏறி, கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் படியும். கண்ணாடி போட்டவர்களுக்கு இரட்டைத் தண்டனை. கழுத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கழுத்தை மூடினாலே உடம்பு பாதி அமைதியாகிவிடும்.

நிறத்தில் ஒரு முரண் இருக்கிறது. பறவைக்குப் பழுப்பு, மங்கிய பச்சை, கறுப்புக் கம்பளி. 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் பனிமூட்டத்தைப் படமெடுக்க நின்றால் அதே நிறம் உயிருக்கு உலை வைக்கும். லாரி ஓட்டுபவருக்கு நாம் தெரியவே மாட்டோம். வெளிச்சத்தில் மின்னும் பட்டை வைத்த மெல்லிய மேலங்கி ஒன்று கேமரா பையில் இருந்தால் சாலையோரத்தில் போட்டுக்கொள்ளலாம். விபத்துகளுக்குப் பேர்போன தொப்பூர் கணவாயில் மட்டும் எதைப் போட்டுக்கொண்டும் இறங்கி நிற்காதீர்கள்.

காலுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேன்வாஸ் ஷூ பனிப்புல்லில் ஐந்து நிமிடம் தாங்காது. வயல் வேலைக்குப் போடும் கம்பூட் நனையாது, புல்லுக்குள் கால் வைக்கவும் தைரியம் தரும், ஆனால் பாறையில் வழுக்கும். ஏரிக்கரைக்குக் கம்பூட், மலைக்கு நல்ல பிடிமானமுள்ள ஷூ. சாக்ஸ் இரண்டு போட்டு ஷூவை இறுக்குவதைவிட ஒன்று போட்டுத் தளர்வாகக் கட்டுவது சூடு, ஏனென்றால் இறுக்கினால் ரத்தம் ஓடாது. பாறையில் நிற்கும்போது காலுக்கடியில் ஒரு பழைய சாக்கை மடித்துப் போடுங்கள். மண்டியிட்டு எடுக்கவும் அதுவே ஆகும்.

ஜெர்கின்தான் ஜெயிக்கும் என்று சொன்ன வேலை, இரவு வானம். டிசம்பர் 13, 14 தேதிகளை ஒட்டி ஜெமினிட் எரிநட்சத்திர மழை உச்சத்தில் இருக்கும். நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வாக்கில் ஜெமினி நட்சத்திர மண்டலம் தலைக்கு மேலே ஏறியிருக்கும்போதுதான் நிறையப் பார்க்கலாம். ட்ரைபாடை நிறுத்தி, கேமராவைத் தானாக எடுக்க விட்டுவிட்டு, மொட்டை மாடியிலோ சொந்தக்காரர் தோட்டத்திலோ மணிக்கணக்கில் அசையாமல் படுத்திருக்கும் வேலை அது. ஏற்றம் இல்லை, வியர்வை இல்லை, பறவை இல்லை. மூன்று அடுக்கும் அங்கே தோற்கும். தடித்த ஜெர்கின், அதற்கு மேல் கம்பளி, கீழே பாயும் சாக்கும். அந்த இரவில் நம்மைவிட லென்ஸுக்குத்தான் அதிகக் குளிர். வானத்தைப் பார்த்து நிற்கும் கண்ணாடி சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து, அதன்மேல் பனி படிந்து, பின்னிரவுப் படங்கள் எல்லாம் மங்கிவிடும். லென்ஸைச் சுற்றி ஒரு கம்பளி சாக்ஸை மாட்டி, நடுநடுவே டார்ச்சடித்துக் கண்ணாடியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியைப் பற்றி லடாக் கதைகளைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், நம் குளிருக்கு அது செத்துவிடாது. இரவு முழுக்க ஓடுவதால் தீர்ந்துபோகும், அவ்வளவுதான். ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருங்கள்.

வாங்குவதானால் முதல் செலவு விண்ட்சீட்டர், அடுத்தது ஃப்ளீஸ். பெங்களூரு பக்கத்திலேயே இருப்பதால் விளையாட்டுச் சாமான் கடைகளில் போட்டுப் பார்த்தே வாங்கலாம். போட்டுப் பார்க்கும்போது கேமரா தூக்குவதுபோல் இரண்டு கையையும் கண் வரை உயர்த்திப் பாருங்கள். இடுப்பில் துணி மேலே ஏறி வயிறு தெரிந்தால் ஒரு அளவு பெரிதாக எடுங்கள். குளிர்காலத்தில் சாலையோரம் குவிக்கும் ஸ்வெட்டர்களை ஒதுக்க வேண்டாம். அக்ரிலிக்காக இருந்தாலும் ஃப்ளீஸ் இடத்தில் நின்றுகொள்ளும், கொஞ்சம் எடை கூடுதல். வீட்டில் ஏற்கெனவே ஜெர்கின் இருக்கிறதென்றால் அதற்காகப் புதிதாக எதுவும் வாங்கி அடுக்காதீர்கள். உள்ளே பருத்தி பனியனை மாற்றி ஜெர்ஸி போட்டாலே பாதி குறை போய்விடும்.

ஒன்பது மணிக்குமேல் கழற்றிய துணியை எங்கே வைப்பது என்பதையும் கிளம்பும் முன்பே யோசித்துவிடுங்கள். விண்ட்சீட்டரும் ஃப்ளீஸும் கேமரா பையின் மேலறைக்குள் சுருண்டுவிடும். தடித்த ஜெர்கின் போகாது. அதை அமுக்கித் திணிக்கும் இடத்தில் ஒரு 70-200 ஜூம் லென்ஸ் உட்காரும்.